எட்டுப் பேர் ஏறிய லோரித் தராசு

குழு நடத்தப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்க்கும் போதெல்லாம் கேட்பது ஒன்றுதான். "அக்கா, போட்டிக்கு முன்னால என்னா சாப்பிடக் கொடுக்கணும்?" முட்டை எத்தனை, வாழைப்பழம் எப்போது, சோற்றைக் குறைக்கலாமா, டின்னில் விற்கிற பவுடரைக் கலக்கிக் கொடுக்கலாமா என்று வரிசையாக வரும். கேளுங்கள், நல்லதுதான். ஆனால் என்ன சாப்பிட வேண்டும் என்பதை உங்கள் கைப்பேசியே சொல்லிவிடும். உங்கள் ஆள் அதைச் சாப்பிட்டாளா என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் நீங்கள்.

நான் படித்துப் பயிற்சியாளர் ஆனவள் இல்லை. சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்ததும் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் பயிற்சி. எனக்குத் தெரிந்ததில் பாதி, யாரோ போகிற போக்கில் சொன்ன வார்த்தை. எண்ணெய்க்கு வெட்டுகிற செம்பனைக் குலையை லோரியில் ஏற்றுகிற ஒருவர் ஒரு நாள் சொன்னார்: "கை தூக்குதுன்னு நெனைக்காதீங்க. கை சும்மா புடிச்சிக்கிட்டு இருக்கு. தூக்குறது தொடைதான்." அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் வருடக்கணக்காக அணி கட்டினேன். இப்படிப்பட்ட பேச்சுகளை எங்கே கேட்டாலும் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். நீங்களும் செய்யுங்கள், காசு கேட்காத படிப்பு.

நம் ஆட்டத்தின் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கதைக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கயிற்றுக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரின் மொத்தக் கனம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை. எட்டும் சேர்ந்து இவ்வளவு. ஒருத்தி கூடினால் இன்னொருத்தி குறைய வேண்டும். அதனால் நாம் ஆட்களை மட்டும் பார்ப்பதில்லை, உடம்புகளை அடுக்குகிறோம். நெட்டையாகக் கை நீண்டவள் ஓரிடத்துக்கு ஆவாள். குட்டையாக இடுப்பு அகன்றவள் வேறோர் இடத்துக்கு ஆவாள். கயிற்றை முதுகில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற கடைசி ஆள் மட்டும் கனமாக இருந்தே ஆக வேண்டும். அவள் நகர்ந்தால் எட்டுப் பேரும் நகர்ந்தோம்.

எங்கள் கடைசி ஆள் மேரி. புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவாள். எங்கள் தொழிற்சாலையிலேயே பெட்டி கட்டும் பிரிவு. பள்ளிக்கூடம் போகிற பையனுக்குத் தாய். அகன்ற உடம்பு, தடித்த கால், பாதமும் பெரிது. அவள் குதிகாலை மண்ணில் ஊன்றி உட்காருகிற மாதிரி சாய்ந்தால், எதிரில் இருக்கிறவர்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த உடம்பு ஆண்டவர் கயிற்றுக்கென்றே செய்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது எங்கள் தராசுக்கு வருகிறேன்.

வாரம் ஒருமுறை கனம் பார்க்க வேண்டும். ஆனால் என் பெண்களில் ஒருத்தியும் தனியாகத் தராசில் ஏற மாட்டாள். "வயசக் கேளுங்க, சம்பளத்தக் கேளுங்க, கனத்தக் கேக்காதீங்க" என்பாள் திலகா. கோலா கெத்திலில் மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். எங்கள் அணியின் வாய் அவள்தான். வற்புறுத்தினால் பயிற்சிக்கே வராமல் போய்விடுவார்கள் என்று தெரிந்து, அவர்களே கண்டுபிடித்த வழிக்கு நானும் தலையாட்டினேன். கோலா கெத்தில் போகிற சாலையில் செம்பனைக் குலை வாங்குகிற இடம் ஒன்று இருந்தது. அங்கே லோரியை அப்படியே ஏற்றி நிறுத்திக் குலையை நிறுக்கிற பெரிய தராசு. எட்டுப் பேரும் சேர்ந்து அதில் ஏறி நிற்பார்கள். தராசுக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மொத்தத்தை மட்டும் சொல்வார். யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மானமும் போகவில்லை, வேலையும் முடிந்தது.

எங்களுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. தராசுக்காரர் ஜன்னலைத் திறந்து, "ஏறுங்க, ஏறுங்க. எல்லாம் பழுத்த குலைதானா?" என்பார்.

"பழுத்ததும் இருக்கு, கனத்ததும் இருக்கு," என்பாள் திலகா. "மேரி ஏறுனா உங்க தராசு அழுவுதுண்ணே. காது கொடுத்துக் கேளுங்க."

"அழுவட்டும்லா. நீ எறங்கித் தொடச்சி விடு," என்பாள் மேரி.

எல்லாரும் சிரிப்போம். மேரிதான் அதிகம் சிரிப்பாள்.

அந்த வருடம் யான் என்கிற ஊரில் நடக்கவிருந்த போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் தராசுக்காரர் சிரிக்காமல் சொன்னார்: "கூடிப்போச்சுக்கா." வரம்புக்கு மேலே காட்டியது. திலகாகூட வாயைத் திறக்கவில்லை. ஆனால் எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. அடுத்த தடவை ஏறியபோது வரம்புக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அப்படியே நின்றது. எனக்கு மகிழ்ச்சி. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், பொறுப்பான பிள்ளைகள் என்று வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. சாம்பல் புதனன்று மேரியும் நானும் ஒரே கோயிலில்தான் நெற்றியில் சாம்பல் வாங்கினோம். அதிலிருந்து அவள் பயிற்சிக்குப் பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "விரதம்" என்பாள். நம் ஊரில் அந்த ஒரு வார்த்தைக்கு மேலே யார் பேசுவார்கள்? தைப்பூசத்துக்குத் திலகா விரதம் இருந்தபோது மேரி அவள் முன்னால் கோழிக்கறியைத் திறந்ததுகூட இல்லை. அதே மரியாதையை இப்போது எல்லாரும் மேரிக்குக் கொடுத்தோம். விரதக்காரரிடம் நாம் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம்.

அந்த நாட்களில் மேரியின் கால் மண்ணில் நிற்காமல் வழுக்க ஆரம்பித்தது. பூட்ஸ் தேய்ந்துவிட்டது என்று நினைத்து வேறு வாங்க வைத்தேன். கயிறு கொடுக்கும்போது அவள் விரல் சில்லென்று இருக்கும். மழை நாள் என்று நினைத்தேன். டிராக்சூட் சட்டையைக் கழற்றாமலே பயிற்சி செய்வாள். அதற்கும் மழையையே காரணமாக வைத்துக்கொண்டேன்.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை. கெடாவில் நமக்கு அன்றுதானே விடுமுறை. மதியத் தொழுகைக்கு முன்னால் எல்லாம் முடிய வேண்டும் என்பதால், எட்டு மணியோடு கனம் பார்ப்பது முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வேனில் இருட்டோடு கிளம்பினோம். யானில் இறங்கும்போது ஜெராய் மலை பாதி மேகத்தில் இருந்தது. திடலைச் சுற்றி வயல். வழியில் வாங்கிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள், என் கூடையில் இன்னும் சூடாக இருந்தன. கனம் பார்த்த பிறகு சாப்பிடலாம் என்று ஒருத்தியும் தொடவில்லை.

ஒரு வகுப்பறையைத் திரை போட்டு மறைத்து, உள்ளே ஒரு மலாய்க்கார அதிகாரி அம்மா சின்னத் தராசோடு உட்கார்ந்திருந்தார். லோரித் தராசு இல்லை. ஒவ்வொருத்தியாக ஏற வேண்டும். குழுப் பொறுப்பாளர் என்பதால் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். என் பெண்கள் தூக்குமேடைக்குப் போகிற மாதிரி வரிசையில் நின்றார்கள். மாற்று ஆள் கவிதா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். அவள் ஒல்லி, அவளுக்கு என்ன கவலை.

எண்களை இங்கே எழுத மாட்டேன். அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இரண்டு எண்களைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டுப் பேரில் கனமானவள் திலகா. மேரியைவிட லேசானவர்கள் அணியில் இரண்டே பேர்.

திலகா தராசிலிருந்து இறங்கவில்லை. கீழே குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். "அக்கா, இது கெட்டுப்போன தராசு," என்றாள் மெதுவாக. கெட்டுப்போகவில்லை. பயிற்சி ஏறினால் உடம்பு ஏறும். அவளுக்குத் தொடையும் முதுகும் நன்றாகத் திரண்டிருந்தன. மற்றவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம். எல்லாரும் ஏற ஏற, ஒருத்தி மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போய்க் கணக்கைச் சமமாக்கி வைத்திருக்கிறாள். மொத்தத்தை மட்டும் பார்த்த எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

அந்தச் சமமும் முழுச் சமம் இல்லை. அதிகாரி அம்மா கூட்டிப் பார்த்துவிட்டு, "லெபே எம்பாட் கிலோ, காக்," என்றார். நாலு கிலோ கூடுதல். லோரித் தராசு பத்துப் பத்தாகத்தான் எண் காட்டும், அதற்குள் நாலு கிலோ ஒளிந்துகொண்டால் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எட்டு மணி வரைக்கும் திரும்ப வந்து ஏறலாம்," என்றார் அவர். அரை மணி நேரம்கூட இல்லை.

வெளியே வந்ததும் மேரிதான் முதலில் பேசினாள். "நான் ஓடிட்டு வர்றேன்கா. ரெயின்கோட் கொண்டாந்திருக்கேன். ரெண்டு சுத்து ஓடுனா வேர்வையிலேயே எறங்கிரும். இன்னும் தண்ணிகூடக் குடிக்கல."

வானத்தில் மழை இல்லை. ரெயின்கோட் ஏன் வந்தது? நான் அவள் கையைப் பிடித்து, கட்டடத்துக்குப் பின்னால் குழாயடிக்குக் கூட்டிப்போனேன்.

"கடைசியா எப்ப சோறு சாப்பிட்ட?"

"தவக்காலம்கா."

"எனக்கும் தவக்காலம்தான். எப்ப சாப்பிட்ட?"

"பால் போடாம கோப்பி ஓ குடிச்சேன். ரெண்டு பிஸ்கட்."

"காலையிலயா?"

"டெய்லி அதான்கா."

"தவக்காலத்துக்கு முன்னால?"

அவள் குழாயைத் திறந்து மூடினாள். "அன்னிக்குத் தராசு கூடக் காட்டுச்சுல்ல. எல்லாரும் என்னையத்தான பாத்தீங்க. யாரும் ஒண்ணும் சொல்லலன்னாலும் எனக்குத் தெரியாதா? அன்னிக்கே ஆரம்பிச்சேன். அப்புறம் விரதம் வந்துச்சு. சௌகரியமாப் போச்சு, யாரும் கேக்க மாட்டாங்க."

நான் ஒரு பெண் என்பதால் அடுத்ததைக் கேட்க முடிந்தது. தம்பிமார்களே, உங்களால் கேட்க முடியாவிட்டால், கேட்கக்கூடிய ஒரு பெண்ணை அணியில் வைத்துக்கொள்ளுங்கள். "மாசம் வருதா?"

"ரெண்டு மாசமா இல்ல. வேற ஒண்ணும் இல்லக்கா, நானும் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். நல்லதுதானே, போட்டி நேரத்துல தொல்லை இல்ல."

நல்லது இல்லை. உடம்பு தன் வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பட்டினி முதலில் கொழுப்பைத் தின்னும் என்று நாம் நினைக்கிறோம். அது தொடையையும் சேர்த்துத்தான் தின்கிறது. பூட்ஸ் வழுக்கவில்லை, கால்தான் காலியாக இருந்திருக்கிறது. அந்தக் காலோடு, தண்ணீரும் குடிக்காமல், ரெயின்கோட்டில் ஓடிவிட்டு வந்து, ஏழு பேரின் பாரத்தை முதுகில் வாங்கினால் என்ன ஆகும்?

இனி நான் நின்ற இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். மேரி ஓடக் கூடாது, அதில் எனக்கு யோசனையே இல்லை. மிச்சம் இரண்டு வழி. திலகாவை எடுத்துவிட்டுக் கவிதாவைச் சேர்த்தால் கணக்கு இறங்கிவிடும். ஆனால் கடைசியில் நிற்பது இந்த மேரி. மேரியை எடுத்துவிட்டுக் கவிதாவைச் சேர்த்தாலும் கவிதாவின் ஒல்லி உடம்புக்குக் கணக்கு இறங்கிவிடும். திலகாவைக் கடைசிக்குப் போடலாம். இரண்டாவதுதான் சரி. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் "மேரி, நீ உக்காரு" என்று நான் சொன்னால் அவள் காதில் என்ன விழும்? கனம் கூடிப்போச்சு, அதனால மேரிய எறக்கிட்டாங்க. இரண்டு மாதமாக அவள் எதற்குப் பயந்து சாப்பிடாமல் இருந்தாளோ, அதையே நான் எல்லார் முன்னாலும் உறுதி செய்த மாதிரி ஆகும். அதற்குப் பிறகு அவள் எந்தக் காலத்தில் சோற்றில் கை வைப்பாள்? எட்டு மணிக்குள் கணக்கைச் சரி செய்வது சுலபம். அந்த வார்த்தையைத் தேடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தனியாகச் சொல்லி மழுப்பலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, எல்லார் கண்ணும் சேர்ந்து செய்ததை என் ஒரு வாய் தனியாகச் சரி செய்ய முடியாது என்று பட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு எல்லார் நடுவிலும் வந்தேன்.

"மேரி இன்னிக்கு இழுக்க மாட்டா," என்றேன். அவள் தலை குனிந்தது. "கனமா இருக்கான்னு இல்ல. கனம் பத்தல. கடைசி ஆளுக்கு வேண்டிய கனம் அவகிட்ட இருந்துச்சு, நம்ம எல்லாருக்காகவும் அதப் பட்டினி போட்டுத் தொலைச்சிட்டா. அது திரும்பி வந்தாதான் இவளுக்குக் கயிறு. அந்த எடம் இவளோடதுதான். இன்னிக்கு ஒரு நாளைக்கு வேற ஆளு நிக்கட்டும்."

கவிதா மேரியின் டிராக்சூட் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கை எவ்வளவு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போல.

திலகாதான் முன்னால் வந்தாள். "கயித்த என்கிட்ட கொடுங்கக்கா. தராசு என் பேரத்தான சொல்லிச்சு." மேரியின் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

மேரி குனிந்த தலையை நிமிர்த்தினாள். பிறகு, "அந்த வாயையும் சேத்துத்தான் நாலு கிலோ கூடிச்சு," என்றாள்.

அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாக உடைந்தது. திலகா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எட்டு மணிக்கு முன்னால் கவிதாவை ஏற்றி, கனம் சரி என்று சொல்ல வைத்துவிட்டு வந்தோம்.

நான் கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை மேரி மடியில் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமைக்கா," என்றாள்.

"நெத்திலியும் முட்டையும்தான். ஃபாதர் கறிதான் வேணாம்னாரு. சோறே வேணாம்னு எந்தப் பூசையில சொன்னாரு? நானும் அங்கதான உக்காந்திருந்தேன்."

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் வாயை மெல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி கயிற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாப்பிடுகிறவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு தராசுதான்.

அன்று நாங்கள் ஜெயிக்கவில்லை. அரையிறுதியில் யான் பெண்கள் எங்களை நன்றாகவே இழுத்துக் கொண்டுபோனார்கள். வயலில் இறங்கிப் பழகிய கால்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் திலகா கடைசியில் மல்லாந்து கிடந்தபடியே விடாமல் பிடித்தாள். எட்டுப் பேரும் ஒன்றாக இழுக்க, பக்கத்தில் நின்று தாளம் கொடுத்துக் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேரியைக் கூப்பிட்டேன். கயிற்றை முதுகில் வாங்கிப் பழகியவள். எதிரணி எப்போது மூச்சு வாங்குகிறது என்பது அவளுக்குக் கயிறு இல்லாமலே தெரிந்தது. "இரு... இரு... இப்ப!" என்றாள். எட்டுப் பேரும் ஓர் உடம்பாகச் சாய்ந்தார்கள். மூன்றாம் பரிசு ஒரு சின்னக் கோப்பை. திரும்பும்போது வேனில் திலகா அதை மேரியின் மடியில் வைத்து, "கனம் பாத்துச் சொல்லு," என்றாள். மேரி அதை ஓரமாக வைத்துவிட்டுக் கூடைக்குள் கையை விட்டு, "இன்னொரு பொட்டலம் இருக்காக்கா?" என்று கேட்டாள்.

ஒரு பொட்டலத்தில் எதுவும் சரியாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரமே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூட்டச் சொன்னார். மாதவிலக்கு திரும்பும் வரை பாரம் இழுக்கக் கூடாது என்றார். மாதங்கள் ஆயின. மேரி கயிற்றைத் தொடாமல் பயிற்சிக்கு மட்டும் வந்து தாளம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மதியம், வேலை நேரத்தில், கைப்பேசியில் ஒரே ஒரு வார்த்தை வந்தது: "வந்திருச்சுக்கா." நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி, "யாருக்கா வந்தது?" என்றாள். "எங்க கடைசி ஆளு," என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் லோரித் தராசில் ஏறவில்லை. தராசுக்காரருக்குத்தான் வருத்தம். ஒரு சின்னத் தராசு வாங்கி, என் வீட்டு அறையில் திரை கட்டி, ஒவ்வொருத்தியாக உள்ளே போக வைத்தேன். எண் அவளுக்கும் எனக்கும் மட்டும். கூடினால் அவளோடு பேசுவேன். குறைந்தால் இன்னும் நிதானமாகப் பேசுவேன். விரதம் இருப்பவர்கள் தாராளமாக இருக்கட்டும். எதை விடுகிறாய், எந்த நேரம் சாப்பிடுவாய், அன்று பயிற்சியை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று முன்னாலேயே கேட்டுவிடுவேன். மரியாதை என்றால் கேட்காமல் இருப்பது என்று நினைத்திருந்தோம். இப்போது கேட்பதைத்தான் மரியாதையாக வைத்திருக்கிறோம்.

மேரி மறுபடி கயிறு பிடிக்க வந்த முதல் நாள் எல்லாரும் திரைக்கு வெளியே வரிசையாக நின்றோம். அவள் உள்ளே போனாள். நான் பின்னாலேயே போகலாம் என்று எழுந்திருப்பதற்குள், திரைக்குள்ளிருந்தே தன் கனத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். வெளியிலிருந்து திலகா, "அவ்வளவுதானா? நான் அதுக்கும் மேல," என்று தன் எண்ணைச் சொன்னாள். அதற்குப் பிறகு திரைக்கு என்ன வேலை?

இதை எழுதி முடித்ததும் மேரியிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, அந்த எண்ணையும் எழுதுங்கள் என்கிறாள். எனக்குத்தான் கை வரவில்லை. யான் போட்டியில் இப்போதும் எங்கள் கயிற்றின் கடைசியில் நிற்பது அவள்தான். போனால் கேட்டுப் பாருங்கள், அவளே சொல்வாள்.